பன்முகப் பண்பாட்டு வகுப்பில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

பன்முகப் பண்பாடு பற்றிய பாடத்தை விருப்பப் பாடமாக நான் எடுத்ததற்கு ஒரே காரணம், அதில் கணக்கு கிடையாது. சுலபமாக மதிப்பெண் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். முதல் வாரமே ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள்: "உங்கள் பண்பாடு எது?" சிறுபான்மைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் கூடுதல் தாள் வாங்கி எழுதித் தள்ளினார்கள். என்னைப் போன்ற பெரும்பான்மை ஆட்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கடைசியில், "எனக்கென்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லாரையும் போல சாதாரணமாக வளர்ந்தவன்" என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்த தாளில் 'சாதாரணமாக' என்ற சொல்லைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். வேறு குறிப்பு எதுவும் இல்லை.

அந்த வட்டம் புரிய ஒரு மாதம் ஆனது. பிறகு இதே பாடத்துக்குச் சில பருவங்கள் உதவி ஆசிரியராக இருந்து தாள் திருத்தியிருக்கிறேன். மாணவர்கள் மாறுகிறார்கள், தவறுகள் மாறுவதில்லை.

நான் செய்ததுதான் அதில் முதல் தவறு. பண்பாடு மற்றவர்களிடம் இருக்கும் பொருள், நாம் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறோம் என்ற நினைப்பு. இந்த நினைப்போடு வருகிறவர்கள் எழுதும் கட்டுரை முழுக்க அடுத்தவர் உடை, நடனம், சாப்பாடு என்றே போகும். ஆனால் பாடத்தின் பாதி, 'பொது' என்று நாம் நினைப்பது யாருடையது என்ற கேள்விதான். மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மதத்தையும் சேராமல் ஓர் அரசாங்கம் இருந்துவிடலாம். எந்த மொழியும் இல்லாமல் இருக்க முடியுமா? நீதிமன்றம் ஏதோ ஒரு மொழியில்தான் நடக்க வேண்டும், படிவம் ஏதோ ஒரு மொழியில்தான் அச்சாக வேண்டும். அந்த மொழி வீட்டிலும் பேசும் மொழியாக அமைந்தவனுக்கு அரசாங்கம் நடுநிலையாகத் தெரியும். மற்றவனுக்கு அப்படித் தெரியாது. கனடிய அறிஞர் வில் கிம்லிக்கா திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். என் தாளில் இருந்த வட்டத்துக்கும் இதுதான் பொருள்.

அடுத்தது, நிலைமையையும் கொள்கையையும் குழப்புவது. ஒரு நாட்டில் பல பண்பாட்டினர் வாழ்கிறார்கள் என்பது நிலைமை. அதற்கு அரசு என்ன செய்கிறது என்பது கொள்கை. கனடாவில் பலவகை மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்தார்கள். ஆனால் 1971 அக்டோபரில்தான் பிரதமர் பியர் ட்ரூடோ பன்முகப் பண்பாட்டை அரசின் கொள்கையாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அது தனிச் சட்டமாக ஆனது 1988-ல்.

இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒவ்வொரு பருவமும் எனக்கு ஓர் அடுக்குத் தாள் வரும். எல்லாவற்றிலும் ஒரே வாதம்: "2010-ல் அன்றைய ஜெர்மன் அரசுத் தலைவர் ஆங்கெலா மெர்க்கலே பன்முகப் பண்பாடு தோற்றுவிட்டது என்று சொல்லிவிட்டார், எனவே இது நடைமுறைக்கு ஒத்துவராது." சரி, சொன்னார். ஆனால் தோற்றது எது? ஜெர்மனி 1955-ல் இத்தாலியோடும் 1961-ல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களை வரவழைத்தது. 'விருந்தினர் தொழிலாளர்' என்றுதான் அவர்களுக்குப் பெயர். வேலை முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பது கணக்கு. அவர்கள் போகவில்லை. அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க வழி திறந்தது 2000-ல் வந்த சட்டத்தில்தான், அதுவும் நிபந்தனையோடு. குடியுரிமை தர இவ்வளவு காலம் யோசித்த நாட்டையும், குடியேறியவர்களைக் குடிமக்களாக்குவதைக் கொள்கையின் ஒரு பகுதியாகவே வைத்திருந்த கனடாவையும் ஒரே பெட்டியில் போட்டு 'தோல்வி' என்று எழுதினால் மதிப்பெண் எங்கிருந்து வரும்? மெர்க்கலோடு உடன்படலாம், மறுக்கலாம். அவர் எதைப் பற்றிப் பேசினார் என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது தவறுதான் வகுப்பறையில் அதிகம் வலிப்பது. கனடாவின் கிர்பான் வழக்கை எடுத்த அன்று எங்கள் செமினாரில் நடந்தது இது. சீக்கியப் பள்ளி மாணவர் ஒருவர் சமய அடையாளமாக அணிந்திருந்த சிறு கத்தியைப் பள்ளி நிர்வாகம் தடை செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் இருபது தலைகளும் கடைசி வரிசையில் தலைப்பாகையோடு இருந்த ஒருவனை நோக்கித் திரும்பின. அவன் இயந்திரவியல் மாணவன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "இந்த வழக்கே எனக்குப் போன வாரம்தான் தெரியும். உங்களைப் போல நானும் தீர்ப்பைப் படிச்சுட்டுதான் வந்திருக்கேன்."

பாதிப் பேர் அதைக்கூடப் படிக்காமல் வந்திருந்தோம் என்பது வேறு விஷயம்.

ஒருவரை அவர் சமூகத்தின் அதிகாரப்பூர்வப் பேச்சாளராக ஆக்கிவிடுவது நமக்கு அக்கறையாகத் தெரியும். எதிரில் இருப்பவருக்கு அது வாராவாரம் வரும் வாய்மொழித் தேர்வு. அவராக முன்வந்து தன் அனுபவத்தைச் சொன்னால் கேளுங்கள். அப்போதும் அது அவருடைய அனுபவம், அவ்வளவுதான்.

அந்தத் தீர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006-ல் வந்தது. "பள்ளிக்குக் கத்தி கொண்டுபோக அனுமதி" என்ற தலைப்போடு படிப்பதை நிறுத்தியவர்கள் அன்று ஆவேசமாகப் பேசினார்கள். உண்மையில் நீதிமன்றம் ரத்து செய்தது முழுத் தடையை மட்டும். கிர்பான் மர உறைக்குள் இருக்க வேண்டும், அதை உறுதியான துணியில் சுற்றித் தைத்திருக்க வேண்டும், உடைக்கு உள்ளே அணிய வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. கத்தரிக்கோலும் பேஸ்பால் மட்டையும் பள்ளியில் இதைவிட எளிதாகக் கைக்குக் கிடைக்கும் என்றும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. இந்த நிபந்தனைகளைப் படித்தபின் விவாதமே வேறு மாதிரி ஆகிவிடும். உரிமையா பாதுகாப்பா என்ற கூச்சல் போய், எந்த அளவு, எந்த முறை என்ற பேச்சு வரும். பாடத்தில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான்.

நல்ல மனசுக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. எந்தக் கடினமான கேள்வி வந்தாலும் "அது அவங்க பண்பாடு, நாம என்ன சொல்றது" என்று ஒதுங்குவது. பார்க்க மரியாதை போல இருக்கும். ஆனால் 'அவங்க' என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள்? 1997-ல் பெண்ணிய அறிஞர் சூசன் மோலர் ஓக்கின் எழுப்பிய கேள்வி இதுதான்: ஒரு குழுவுக்குத் தரும் உரிமை, அந்தக் குழுவுக்குள் இருக்கும் பெண்களை யார் கையில் ஒப்படைக்கிறது? கிம்லிக்கா இதற்கு வைத்திருக்கும் அளவுகோல் தேர்வில் கைகொடுக்கும். வெளியிலிருந்து வரும் நெருக்கடியிலிருந்து குழுவைக் காப்பது ஒன்று, குழு தன் உறுப்பினர்களையே கட்டிப்போடுவது வேறொன்று. முன்னதை ஏற்கலாம், பின்னதை ஏற்க முடியாது என்பார். இரண்டும் எப்போதும் இப்படிச் சுத்தமாகப் பிரிந்து கிடக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, கட்டுரையில் நீங்களும் சந்தேகப்படலாம். ஒதுங்கிப் போக மட்டும் கூடாது.

அனுபவக் குறிப்பு எழுதும்போது இரண்டு பக்கமும் பள்ளம். சிலர் பாவமன்னிப்பு கேட்பதுபோல் எழுதுவார்கள், சிலர் சுற்றுலாக் கட்டுரை எழுதுவார்கள். நடந்த ஒரு சம்பவம், அப்போது நீங்கள் நினைத்தது, வகுப்பில் படித்த எந்தக் கருத்து அதை மாற்றியது என்று இருந்தால் போதும். குரூப் ஒர்க்கில் இன்னொரு வழக்கம்: சிறுபான்மை மாணவருக்கு 'அனுபவப் பகுதி'யைக் கொடுத்துவிட்டு, கோட்பாட்டுப் பகுதியை மற்றவர்கள் எடுத்துக்கொள்வது. அவருக்கும் கிம்லிக்காவைப் படிக்கத் தெரியும்.

அப்புறம், பயம். தப்பாக ஏதாவது சொல்லி மாட்டிக்கொள்வோமோ என்று பருவம் முழுவதும் வாயைத் திறக்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெண் கடைசி வாரத்தில் என் அறைக்கு வந்தாள். இத்தனை நாள் கேட்க நினைத்து விட்டுவிட்ட கேள்வி என்று ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஒரு சமூகத்துக்கு ஒரு விதிவிலக்கு கொடுத்துட்டா, அடுத்த சமூகம் கேட்கும்போது எந்த அடிப்படையில மறுப்பீங்க சார்?" தேர்வுத் தாள் அப்போது என் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. அதில் நான்காவது கேள்வி அதுதான், பதினைந்து மதிப்பெண்.