கொரியப் பாட்டில் ட்ராய் பெண்கள்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரியாவின் தேசிய சாங்குக் (கொரிய இசை நாடகம்) குழு 2016 நவம்பரில் சோல் நகரில் 'ட்ராய் பெண்கள்' நாடகத்தை முதன்முதலாக மேடையேற்றியது. சிங்கப்பூர்க்காரரான ஓங் கெங் சென் இயக்கினார். பிறகு சிங்கப்பூர், லண்டன், ஆம்ஸ்டர்டாம், வியன்னா, நியூயார்க், எடின்பரோ என்று ஊர் ஊராகப் போனது. கிரேக்கக் கதைக்குக் கொரிய உடுப்பு மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்ற நினைப்போடு உட்காருகிறவர்கள்தான் இதில் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில், கதை எங்கே திரும்பும் என்று காத்திருக்காதீர்கள். நாடகம் தொடங்கும்போதே கிரேக்கர்களோடு நடந்த போரில் ட்ராய் நகரம் விழுந்தாயிற்று, ஆண்கள் செத்தாயிற்று. எந்தக் கிரேக்கனுக்கு யார் அடிமை என்று சொல்லும் ஆளுக்காகப் பெண்கள் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ட்ராய் இளவரசி கஸாந்திராவைக் கிரேக்கத் தலைவன் அகமெம்னான் கொண்டுபோகிறான். அவள் அண்ணி ஆந்த்ரோமாகியின் பிள்ளையை மதிலிலிருந்து வீசிக் கொல்கிறார்கள். பழைய கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் மூலத்தை எழுதியதே அப்படித்தான். கதைச் சுருக்கத்தை முன்பே படித்துவிட்டுப் போனால் மேலே ஓடும் வசன வரிகளில் கண்ணை ஒட்டவைக்க வேண்டியிருக்காது. யூரிப்பிடீஸை வரிக்கு வரி தேடுவதும் வீண். பே சம்-சிக் எழுதிய இந்தப் பிரதி பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தரின் 1965 தழுவலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மூலத்தைத் தொடங்கிவைக்கும் தெய்வங்களின் இடத்தில் இங்கே ஓர் அலையும் ஆவி.

பெரிய தவறு குரல் விஷயத்தில் நடக்கிறது. இதில் பாடுவது பான்சோரி என்ற கொரியக் கதைப்பாட்டு முறையில். பான்சோரி பாடகரின் குரல் கரகரக்கும், பிசிறும், சில இடங்களில் கிழியும். பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டதோ என்று நமக்குத் தோன்றும். ஆனால் பல வருஷம் உழைத்து அந்தக் கரகரப்பை வரவழைக்கிறார்கள். அருவி இரைச்சலுக்கு மேலே தன் குரல் கேட்கும்வரை பாடிப் பழகுவது பழைய பயிற்சி முறை. ஒரே பாடகர், ஒரே முரசுக்காரர், மணிக்கணக்கில் ஒரு கதை: பான்சோரி இவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஒற்றைக் குரலைப் பல நடிகர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்ததில் பிறந்ததுதான் சாங்குக். நாளடைவில் வாத்தியக் குழு, பெரிய மேடை ஜோடனை என்று அது பருத்துப்போனது. ஓங் அந்தச் சதையைக் குறைத்தார். ட்ராய் அரசி எக்குபா பாடினால் கூட வருவது பெரும்பாலும் ஒரு கொமுங்கோ மட்டும், மூங்கில் குச்சியால் மீட்டும் ஆறு தந்தி வாத்தியம். ஆந்த்ரோமாகிக்கு வில் போட்டு இழைக்கும் அஜெங், கஸாந்திராவுக்குத் தேகும் என்ற மூங்கில் குழல். வாத்தியம் மாறுவதைக் கவனித்தாலே யாருடைய துயரத்துக்குள் நுழைகிறோம் என்பது தெரிந்துவிடும். மேடை ஏன் இப்படி வெறிச்சென்று கிடக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

ட்ராய் போருக்குக் காரணமென்று பழிக்கப்படும் ஹெலன் வரும்போது அரங்கில் சிலர் சிரிப்பார்கள். கிம் ஜுன்-சு என்ற ஆண் பாடகர் வெள்ளை உடையில் வந்து நிற்பார். இதைப் பெண்வேடக் கிண்டலாக எடுத்துக்கொள்வது மோசமான வாசிப்பு. ஹெலன் கிரேக்கத்துக்கும் சொந்தமில்லை, ட்ராய்க்கும் சொந்தமில்லை. இரண்டு பக்கமும் அவளைத் தூற்றுகிறது. அதனால்தான் மற்றவர்களுக்கெல்லாம் கொரிய வாத்தியம் இருக்க, அவளுக்கு மட்டும் பியானோ. அவள் தன் தரப்பை வாதாடும்போது கிரேக்கக் கணவன் மெனெலாஸ் மட்டுமல்ல, நாமும் கொஞ்சம் இளகிவிடுகிறோம். என் பார்வையில் நாடகத்தின் மிகத் துணிச்சலான இடம் இதுதான்.

'பாரசைட்', 'ஸ்குவிட் கேம்' இசையமைப்பாளர் ஜங் ஜே-இல் பெயரைப் பார்த்து அந்த மாதிரி இசையை எதிர்பார்த்து வருகிறவர்களும் உண்டு. அவர் கை தெரிவது முக்கியமாகக் கோரஸ் பெண்களின் பாட்டுகளில், அங்கே இன்றைய மெட்டு எட்டிப்பார்க்கும். தனிப்பாடல்களுக்கு மெட்டு அமைத்தவர் பான்சோரியின் பெரும் ஆசான் ஆன் சூக்-சன். இரண்டும் உரசும் இடங்களில் கலப்பிசை என்று முகம் சுளிப்பது அவசரம்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரே வரலாற்றுக்குள் அடைப்பது. ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய கொரியப் பெண்களை நினைக்காமல் இதைப் பார்க்க முடியாதுதான். அவர்கள் குறித்து ஜப்பானோடு தென்கொரியா செய்த 2015 டிசம்பர் ஒப்பந்தம் கிளப்பிய கோபம் அடங்காத நேரத்தில்தான் நாடகம் வந்தது. ஆனாலும் மேடையில் இருப்பது ட்ராய். யூரிப்பிடீஸின் பழைய பிரதிக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. ஏதென்ஸ் மெலோஸ் தீவைப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்ற சில மாதங்களில், கி.மு. 415இல், ஏதென்ஸ் நாடக விழாவில் அது அரங்கேறியது. ஆகவே மெலோஸுக்கான பதில் அது என்று அடித்துச் சொல்வார்கள். அதற்குள் எழுதி மேடையேற்ற இடைவெளி போதாது என்பதால் அறிஞர்கள் பலர் அதை ஏற்பதில்லை. அந்த விழாவில் அதற்குக் கிடைத்தது இரண்டாம் பரிசு.

கடைசியாக, பக்கத்து இருக்கைக்காரர் பாட்டின் நடுவே "ஓல்சு" என்றோ "சோத்தா" என்றோ குரல் கொடுத்தால் முறைக்காதீர்கள். பான்சோரியில் கேட்பவரின் குரலும் பாட்டில் சேர்த்தி, பாடகர் அதில் தெம்பு பெறுகிறார். அதற்காகத் தாளம் பிடிபடாமல் நீங்களும் கத்த வேண்டாம். அது எங்கே விழ வேண்டும் என்பதை முரசுக்காரர் குரல் கொடுக்கும் இடங்களைக் கவனித்தே கற்றுக்கொள்ளலாம்.