‘சிங்கப்பூர் நடுநிலை’ என்று தலைப்பு வைப்பதற்கு முன்

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் வெளியுறவு அமைச்சர்கள் வழக்கமாக ஜூலையில் கூடுவார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே சிங்கப்பூர் பற்றி ஒரே அச்சில் வார்த்த தலைப்புகள் வரத் தொடங்கிவிடும். ‘தென் சீனக் கடல்: சிங்கப்பூர் நடுநிலை.’ ‘அமெரிக்காவா, சீனாவா? நழுவுகிறது சிங்கப்பூர்.’ செய்திப் பிரிவில் இருந்த காலத்தில் நானும் இப்படித் தலைப்பு வைத்தவன்தான். அதில் என்ன பிழை என்று புரிய ரொம்ப நாளானது.

பிழை ‘நடுநிலை’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. தென் சீனக் கடலில் வியட்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புருனே ஆகிய நான்கும் சீனாவோடு உரிமைத் தகராறில் இருக்கின்றன. சிங்கப்பூர் அங்கே ஒரு பாறையைக்கூட உரிமை கோரவில்லை. எந்தத் திட்டு யாருக்கு என்பதில் அது யார் பக்கமும் சேர்வதில்லை. அதுவரை சரி. ஆனால் அதோடு சேர்த்தே அதன் அமைச்சர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள்: கப்பல் போக்குவரத்துச் சுதந்திரத்துக்குத் தடை கூடாது, 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி தகராறு தீர வேண்டும். இதில் நடுநிலை எங்கே இருக்கிறது? தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் எல்லைச் சுவருக்காக அடித்துக்கொள்ளும்போது வாயே திறக்காத ஒருவர், தெருவை மறிக்கக் கூடாது என்பதில் மட்டும் விடாப்பிடியாக நிற்பதில்லையா, அதுதான் இது. துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் நாட்டுக்குத் தெருதான் சோறு. அந்த உடன்படிக்கை உருவான மாநாட்டுக்குக் கடைசிக் கட்டத்தில் தலைமை தாங்கியவரே சிங்கப்பூர்த் தூதர் டாமி கோதான்.

சின்ன நாடுதானே, பெரிய நாடு சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று எழுதுவது இன்னொரு பழக்கம். 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் படையோடு புகுந்தபோது சிங்கப்பூர் ஐ.நா.வில் ஆண்டுக்கணக்கில் அதை எதிர்த்தது. அமெரிக்காவுக்கு வேண்டிய நாடு, அதனால் எதிர்த்தது என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் 1983இல் அதே அமெரிக்கா கிரெனடா என்ற குட்டித் தீவுக்குள் படையெடுத்தபோது, அதைக் கண்டித்த பொதுச்சபைத் தீர்மானத்துக்கும் சிங்கப்பூர் ஆதரவாகத்தான் வாக்களித்தது. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும், பாதுகாப்பு மன்றத்தின் முடிவு எதுவும் இல்லாமலேயே ரஷ்யாமீது தானாகத் தடை விதித்தது. மூன்றிலும் படையெடுத்த நாடு வேறு. பெரிய நாடு சின்ன நாட்டை விழுங்குவது வழக்கமாகிவிட்டால் அடுத்தது நம் முறை என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. இந்தக் கணக்கை முதலில் போட்டவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த சி. ராஜரத்தினம். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் ஆசியான் பிரகடனத்தில் சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவரும் அவர்தான்.

இனி, எல்லோரும் சறுக்கும் இடத்துக்கு வருவோம். ஆசியானின் குரலைச் சிங்கப்பூரின் குரலாக எடுத்துக்கொள்வது. 2022 பிப்ரவரி 26 அன்று ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் உக்ரைன் பற்றி ஓர் அறிக்கை விட்டார்கள். ஆழ்ந்த கவலை, எல்லாத் தரப்பும் நிதானம் காக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது; ரஷ்யாவின் பெயர் இல்லை. இரண்டே நாளில், 28ஆம் தேதி, அதே அமைச்சர்களில் ஒருவரான விவியன் பாலகிருஷ்ணன் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் ரஷ்யாவைப் பெயர் சொல்லிக் கண்டித்து, தடைகளையும் அறிவித்தார். ஆளைப் பார்த்து ‘இரட்டை வேடம்’ என்று எழுதியவர்கள் உண்டு. இது வேடமே இல்லை. ஆசியானில் கலந்து பேசி ஒருமித்துத்தான் முடிவெடுக்க முடியும், வாக்கெடுப்பு கிடையாது. அதனால் கூட்டறிக்கையில் மிஞ்சுவது எல்லாரும் சகித்துக்கொள்ளக்கூடிய வாசகம்தான். மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பில் வியட்நாமும் லாவோஸும் வாக்களிக்காமல் ஒதுங்கின. அவர்களையும் வைத்துக்கொண்டுதான் அந்த பிப்ரவரி அறிக்கை எழுதப்பட்டது. சிங்கப்பூர் என்ன நினைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் நாடாளுமன்ற உரையையும் ஐ.நா. வாக்கையும் பாருங்கள்.

அதற்காகக் கூட்டறிக்கையை மேலோட்டமாகப் படித்துவிட்டுத் தூக்கிப் போடவும் கூடாது. விஷயமே அடைமொழியில்தான் இருக்கும். தென் சீனக் கடல் பத்தியில் ‘சில அமைச்சர்கள் தெரிவித்த கவலைகளைக் கவனத்தில் கொண்டோம்’ என்று ஒரு வரி வரும். அந்தச் ‘சில’ என்ற ஒரு சொல்லுக்காக அதிகாரிகள் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அது இருந்தால் எல்லோரும் உடன்படவில்லை என்று பொருள். நம் செய்திகளில் இது ‘ஆசியான் கவலை’ என்று ஆகிவிடுகிறது, ‘சில’ போயே போச்சு. அமைச்சர்கள் வந்து சேரும்போது வரைவின் பெரும்பகுதியை மூத்த அதிகாரிகள் முடித்திருப்பார்கள். மிச்சம் இருப்பது இந்த மாதிரி இரண்டு மூன்று சொற்கள்தான்.

அந்த இரண்டு மூன்று சொற்களில் முட்டி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஜூலையில் நடந்த நோம் பென் கூட்டம் சாட்சி. சீனாவோடு தனக்குத் தகராறு உள்ள ஸ்கார்பரோ திட்டைக் குறிப்பிட வேண்டும் என்றது பிலிப்பைன்ஸ். முடியாது என்றது தலைமை வகித்த கம்போடியா. ஆசியானின் 45 ஆண்டு வரலாற்றில் முதல்முறையாகக் கூட்டறிக்கையே இல்லாமல் அமைச்சர்கள் ஊர் திரும்பினார்கள். ‘சிங்கப்பூருக்கு என்ன நஷ்டம், அதற்குத்தான் அங்கே பாறையே இல்லையே’ என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. ஆனால் அப்போதைய சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் கா. சண்முகம் இது ஆசியானின் நம்பகத்தன்மைக்கு விழுந்த பலமான அடி என்று வெளிப்படையாகவே வருந்தினார். தனியாக நின்றால் குரல் கேட்காத நாட்டுக்கு, கூட்டாகப் பேசும் இடம் உடைவதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை.

வல்லரசுகளை மட்டும் பார்த்து எழுதுவதும் தவறுதான். சீனாவோடு தூதரக உறவு வைக்க இந்தோனேசியா முந்தட்டும் என்று சிங்கப்பூர் காத்திருந்தது. 1990 ஆகஸ்டில் ஜகார்த்தா உறவைப் புதுப்பித்தது, அக்டோபர் 3 அன்று சிங்கப்பூர் கையெழுத்திட்டது. பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்கக் கூடாது என்ற கவனம் அது.

அப்புறம், அறிக்கையின் தலையில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கூட்டறிக்கைக்கு எல்லோரும் தலையாட்ட வேண்டும். தலைவர் அறிக்கை தலைமை நாட்டின் பொறுப்பில் வருவது, அதில் கொஞ்சம் கை வீசலாம். 2007 செப்டம்பரில் மியன்மாரில் போராட்டக்காரர்கள் சுடப்பட்டபோது ஆசியான் தலைமை சிங்கப்பூரிடம் இருந்தது. நியூயார்க்கில் அன்றைய சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் யோ வெளியிட்ட தலைவர் அறிக்கையில், மியன்மார் அமைச்சரிடமே மற்ற அமைச்சர்கள் தங்கள் ‘அருவருப்பை’த் தெரிவித்ததாக இருந்தது. ஆசியான் அறிக்கைகளில் அப்படியொரு சொல்லைப் பார்ப்பது அபூர்வம். அதையும் அன்று பலர் ‘வருத்தம்’ என்றுதான் மொழிபெயர்த்தார்கள்.