வெள்ளம் ஏறிய கிணறு: எப்போது இறைப்பது, எவ்வளவு குளோரின் போடுவது

மாரி மழையில் மகாவலி பெருகினால் திருகோணமலை மாவட்டத்தில் வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கத்துக் கிணறுகள் கட்டோடு மூழ்கிப் போகும். வெள்ளம் வடிந்த மறுநாளே மெஷினைக் கொண்டுவந்து அடி தெரிய இறைத்துவிட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கிணறு இடிவதும், கரையோரத்தில் தண்ணீர் உவராவதும், கிணற்றுக்குள் ஆள் சாவதும் பெரும்பாலும் அந்த அவசரத்தால்தான்.

முதலில் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். பக்கத்து வளவிலும் வயலிலும் தண்ணீர் நிற்கும்வரை இறைக்க வேண்டாம். மண் முழுக்கத் தண்ணீர் ஊறியிருக்கும்போது கிணற்றுக்குள் இருக்கும் தண்ணீர்தான் சுவரை உள்ளிருந்து தாங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சட்டென்று எடுத்துவிட்டால் வெளியிலிருக்கும் ஈரமண் சுவரை உள்ளே தள்ளும். கொங்கிரீட் வளையம் இறக்கிய கிணறென்றால் வளையத்துக்கு அடியால் மணல் உள்ளே பாய்ந்து, வளையம் சாய்ந்துவிடும். சாய்ந்த வளையத்தை நிமிர்த்துவது புதுக் கிணறு வெட்டுவதைவிடச் சிரமம். வெள்ளத்துக்கு முன்பு கிணற்றில் நின்ற மட்டத்துக்குத் தண்ணீர் ஏறக்குறைய இறங்கிய பிறகு தொடங்குவதே நல்லது. அதுவரை பவுசரில் (தாங்கி லொறியில்) வரும் தண்ணீரையும் நன்றாகக் கொதித்த தண்ணீரையும் குடியுங்கள். கூரையில் மழைத்தண்ணீர் பிடிப்பவர்கள் முதல் பத்துப் பதினைந்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிடிக்கவேண்டும்.

இறைக்கும்போது மெஷினைத் தரையில், கிணற்றிலிருந்து தள்ளி, காற்று கிணற்றுப் பக்கம் அடிக்காத இடத்தில் வையுங்கள். குழாய் மட்டும் உள்ளே போகட்டும். மேலே வைத்தால் மெஷின் ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்துக்குக் கீழிருந்து உறிஞ்சாது. ஆழக் கிணறுகளில் ஆட்கள் மெஷினைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவது அதனால்தான். இதை ஒருநாளும் செய்யக்கூடாது. பெற்றோல் மெஷின் விடும் புகையில் காபன் மொனொக்சைட்டு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விளக்கை இறக்கிப் பார்த்துவிட்டு இறங்குவது பழைய வழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே ஒட்சிசன் குறைவு என்று தெரியும், இறங்கக்கூடாது என்பது சரி. ஆனால் காபன் மொனொக்சைட்டு உயிரைக் குடிக்கும் அளவில் இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரியும். விளக்கை நம்பி இறங்காதீர்கள்.

சேறு அள்ள ஆள் இறங்கித்தான் ஆகவேண்டுமென்றால், மார்பைச் சுற்றிக் கயிறு கட்டி இறங்கட்டும். அவரைத் தூக்கக்கூடிய இரண்டு பேர் மேலே நிற்கட்டும். அவருக்குத் தலை சுற்றினால் கயிற்றை இழுத்து மேலே எடுங்கள். காப்பாற்றுகிறேன் என்று இன்னொருவர் குதிக்கக்கூடாது. ஒரே கிணற்றில் இரண்டு மூன்று சாவு விழுவது அப்படித்தான். கிணற்றில் கரண்ட் மோட்டர் இருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்தாமல் கயிற்றைக்கூடத் தொடாதீர்கள்.

இரண்டடி இறைத்து நிறுத்துங்கள். சுவரில் வெடிப்புத் தெரிகிறதா, குழாயில் மணல் வருகிறதா, வளையம் அசைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று தெரிந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். ஒரு கிழமை கழித்துப் பார்க்கலாம். ஒன்றுமில்லையென்றால் இன்னும் இரண்டடி. மிதக்கும் குப்பை, செத்த தவளை, அடியில் படிந்த மண்டி எல்லாம் வெளியே வரவேண்டும். இறைத்த சேற்றுத் தண்ணீர் திரும்பக் கிணற்றடிக்கே ஓடிவராதபடி வாய்க்கால் வெட்டிவிடுங்கள்.

நிலாவெளி, குச்சவெளி, சாம்பல்தீவு போன்ற கரையோர மணல் நிலத்தில் கதை வேறு. அங்கே நல்ல தண்ணீர், கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: மேலே ஒரு அடியை இறைத்து, அந்த மட்டத்திலேயே வைத்திருந்தால், உப்பு கீழேயிருந்து அதற்குப் பல மடங்கு ஏறிவரும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்த இடங்களில் உவர் போகாததற்கு இது ஒரு காரணம். அதே நாளில் இந்தோனேசியாவின் அச்சே கரையோரக் கிராமங்களிலும் கடல் கிணறுகளுக்குள் ஏறியது.  இரண்டு கரையிலும் உப்பைக் கழுவக்கூடியது மழைதான். கடல்தண்ணீர் ஏறிய கிணற்றை ஒருமுறை மெதுவாக இறைத்து, குப்பையையும் சேற்றையும் எடுத்துவிட்டு, மாரி மழைக்கு விட்டுவிடுங்கள்.

கிணறு தெளிந்த பிறகுதான் குளோரின். சேற்றுத் தண்ணீரில் போட்டால் குளோரின் முழுவதையும் சேறே தின்றுவிடும், கிருமி அப்படியே இருக்கும். குளோரின் பவுடர் வேண்டுமென்றால் உங்கள் பகுதிப் பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) கேளுங்கள். வாங்கும்போது அதன் பலம் எத்தனை வீதம் என்றும் கேளுங்கள், ஏனென்றால் அளவு அதைப் பொறுத்தது.

தண்ணீரின் அளவை இப்படிப் பிடியுங்கள்: கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அடிக்கணக்கில் அளந்து, விட்டத்தை அதனாலேயே பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, கடைசியில் 22 ஆல் பெருக்குங்கள். வருவது லீற்றர். 6 அடி விட்டம், 5 அடி தண்ணீர் என்றால் 6 × 6 × 5 × 22, அதாவது ஏறத்தாழ 4,000 லீற்றர். 1,000 லீற்றருக்கு 30 வீதப் பவுடரில் 170 கிராம் வேண்டும். 65 வீதப் பவுடரென்றால் 80 கிராம் போதும். மேலே சொன்ன கிணற்றுக்கு 30 வீதப் பவுடர் 680 கிராம். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், கடைத் தராசில் நிறுத்து வாங்குங்கள். கட்டியாகிப்போன, மணம் போன பழைய பவுடருக்குப் பலம் இருக்காது.

பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர் எடுத்து, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தடியால் கலக்குங்கள். காற்றோட்டமான இடம் வேண்டும். மூக்கைத் துணியால் கட்டி, கைக்குக் கையுறை போடுங்கள். கக்கூசு கழுவும் அசிட் பட்ட வாளியை எடுக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். பவுடரிலுள்ள சுண்ணாம்பு வாளியின் அடியில் படியட்டும். தெளிந்ததை மட்டும் கிணற்றில், ஒரே இடத்தில் கொட்டாமல் சுற்றிச் சுற்றி ஊற்றுங்கள். மண்டியைத் தூரத்தில் கொட்டுங்கள். தண்ணீர்மட்டத்துக்கு மேலுள்ள சுவரையும் கட்டையும் கழுவ, 10 லீற்றர் வாளிக்கு 30 வீதப் பவுடர் 70 கிராம் வேறாகக் கரையுங்கள். பிறகு வாளியை இறக்கி ஏற்றிக் கிணற்றுத் தண்ணீரைக் கலக்கிவிடுங்கள். தாங்கிக்கு மோட்டரால் ஏற்றுகிறவர்கள் குழாயில் குளோரின் மணக்கும்வரை ஓடவிட்டு மூடிவிடவேண்டும்.

இதைப் பின்னேரத்தில் செய்யுங்கள், வெயில் குளோரினை அழிக்கும். குறைந்தது 12 மணித்தியாலம் ஒருவரும் தண்ணீர் அள்ளக்கூடாது. கிணற்றில் மூடியோ பலகையோ போட்டு, பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். காலையில் மணம் துளியும் இல்லையென்றால் குளோரின் எல்லாம் அழுக்கிலேயே செலவாகிவிட்டது என்று அர்த்தம், அன்று பின்னேரம் திரும்பவும் போடவேண்டும். மணம் நன்றாக இருந்தால், முன்போலவே விட்டு விட்டு இறைத்து, மணம் லேசாகும்வரை வெளியேற்றுங்கள். அந்தத் தண்ணீரை மரக்கறித் தோட்டத்துக்கோ குளத்துக்கோ விடாதீர்கள், மாடு குடிக்கவும் விடாதீர்கள்.

குளோரின் கிருமியைத்தான் கொல்லும். உப்பையோ, வயலில் போட்ட உரத்தையோ, எண்ணெயையோ அது எடுக்காது. உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று கொதிக்கவைத்தாலும் போகாது; தண்ணீர் வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். வயலோரக் கிணற்றுத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க வேண்டாம். மற்றவர்களும் பீ.எச்.ஐ. தண்ணீரைச் சோதித்துச் சொல்லும்வரை கொதித்தாறிய தண்ணீரே குடிக்கட்டும்.

மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். கிட்ட இருந்தால் எத்தனை தரம் குளோரின் போட்டாலும் சில நாளில் பழையபடி ஆகிவிடும். கட்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குச் சீமெந்துத் தளம் போட்டு, சிந்தும் தண்ணீர் வெளியே ஓட வழி செய்யுங்கள். அள்ளும் வாளியையும் கயிற்றையும் தரையில் போடாமல், கப்பிக் கம்பத்தில் ஒரு கொளுக்கி அடித்து மாட்டிவையுங்கள்.