கடைசி நாட்களில் உடனிருக்க: பராமரிப்பாளர்களைப் பழக்குவது எப்படி?

"இனி எங்களால் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று கோவை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புவார்கள். மேட்டுப்பாளையம் தாண்டி, வளைவுகள் ஏறி, நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயன் வீட்டுக்கு நோயாளி வந்து சேர்வார். நம் வேலை அங்கேதான் தொடங்குகிறது. செய்ய ஒன்றுமில்லை என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. நோயைக் குணமாக்க வழியில்லாமல் போகலாம். வலியைக் குறைக்கலாம், வாயை ஈரமாக வைக்கலாம், புண் வராமல் பார்க்கலாம், பக்கத்தில் உட்காரலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட்டில் வந்த பிறகு நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்க்கிறார். ஆனால் அவர் போன பிறகு மிச்ச நேரம் முழுக்க நோயாளியோடு இருக்கப்போவது உங்களிடம் பயிற்சி பெற்ற பராமரிப்பாளப் பெண்தான். ஐந்தாறு பேரை வைத்து முதன்முதலாகப் பயிற்சி நடத்தப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் அவர்களைப் படுக்க வையுங்கள்

முதல் நாள் நோட்டு வேண்டாம், பாடம் வேண்டாம். ஆளுக்கொரு பாய் கொடுத்து மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அசையக் கூடாது, பேசக் கூடாது. அப்புறம் எழுப்பி, எங்கே வலித்தது என்று கேளுங்கள். பின்தலை, தோள்பட்டை, முழங்கை, இடுப்புக்குக் கீழே, குதிகால் என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். படுக்கைப் புண் வரும் இடங்கள் அவைதான். நீங்கள் கரும்பலகையில் எழுதவே வேண்டாம்.

அடுத்து, சாய்ந்து படுத்திருப்பவருக்கு இன்னொருவர் ஸ்பூனால் தண்ணீர் ஊட்ட வேண்டும். ஒருமுறை அவசரமாக, ஒருமுறை பெயர் சொல்லி, விழுங்கும் வரை காத்திருந்து. அவசரக் கை எப்படி இருக்கும் என்பது அந்த ஒரு ஸ்பூனிலேயே புரிந்துவிடும்.

படி 2: கைக்குப் பழக்கம்

இதற்குத்தான் அதிக நாள் ஒதுக்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இழுத்தால் தோல் உரியும். அடியில் விரித்த துணியை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. தோல் சிவந்திருந்தால் விரலால் லேசாக அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள். வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அங்கே தேய்க்கக் கூடாது, உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

வாயால் மூச்சு விடுபவருக்கு நாக்கு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியால் அடிக்கடி துடைத்துவிட்டு, உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். இரண்டு நிமிட வேலை. ஆனால் நோயாளிக்கு இவ்வளவு இதமான வேலை வேறு இல்லை.

நம் மலைக்கென்று இரண்டு எச்சரிக்கை. குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவு, ஜன்னலைச் சாத்துவார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வீட்டில் எல்லோர் உயிரையும் எடுத்துவிடும். இரண்டாவது, சுடுதண்ணீர்ப் பையை நேரடியாகக் காலில் வைக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கம்பளி சாக்ஸ் போதும்.

படி 3: வலியைக் கேட்கப் பழக்குதல்

1967-இல் லண்டனில், கடைசி நாட்களில் இருக்கும் நோயாளிகளுக்காக செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் 'முழு வலி' என்றார். உடம்பு நோவு மட்டுமல்ல. மனக் கவலை, குடும்பக் கவலை, சாமியிடம் கேட்கும் கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் வலி. மகள் கல்யாணம் முடியவில்லையே என்று ராத்திரி தூங்காதவருக்கு மாத்திரை மட்டும் போதாது.

ஆனால் மாத்திரையும் வேண்டும். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்றதும் "பழக்கமாகிவிடும், உயிர் சீக்கிரம் போய்விடும்" என்று வீட்டார் பயப்படுவார்கள். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அப்படி ஆகாது என்று பொறுமையாகச் சொல்லக் கற்றுக்கொடுங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்வார்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும், அதற்கான மருந்தும் கூடவே போக வேண்டும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் வேலையில்லை. நேரம், வலி எவ்வளவு, மலம் போனதா என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் நர்ஸுக்கு அது பெரிய உதவி.

படி 4: பேச்சு

ஒருவரை நோயாளியாக நடிக்க வைத்து, "நான் பிழைப்பேனா?" என்று கேட்கச் சொல்லுங்கள். எல்லோரும் "எல்லாம் சரியாயிடும் பாட்டி" என்பார்கள். நானும் பல வருடம் அதையேதான் சொன்னேன். மனசை ஒட்டவிடாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பதிலைக் கேட்டதும் நோயாளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பேச்சு அங்கே முடிந்துவிடும்.

அதற்குப் பதிலாக உட்கார்ந்து, கையைப் பிடித்து, "ஏன் பாட்டி, மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம், திரும்பத் திரும்பப் பழக வேண்டும். நோயின் விவரம் சொல்வது மருத்துவர் பொறுப்பு. ஆனால் பொய் சொல்ல வேண்டியதில்லை.

படி 5: கடைசி மணி நேரங்கள்

சாப்பாடு குறையும், தூக்கம் கூடும். கைகால் சில்லிட்டு, தோலில் ஊதாத் திட்டுகள் தெரியும். மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் கரகரப்பு குறையலாம். "பட்டினியாப் போறாரே, டிரிப்ஸ் போடுங்க" என்று வீட்டார் அழுவார்கள். உடம்பு மெல்ல மெல்ல நிற்கும்போது பசியும் நின்றுவிடும், இந்த நேரத்தில் டிரிப்ஸ் ஏற்றினால் நீர் கோத்துத் திணறலே கூடலாம் என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

பால் ஊற்றும் வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விழுங்க முடியாதவருக்குப் பால் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குப் போகும். அதற்காக "கூடாது" என்று தடுத்தால் அந்த வீடு உங்களை மன்னிக்காது. குன்னூர்ப் பக்கம் ஒரு லயன் வீட்டில், டம்ளரோடு நின்ற மூத்த மகனிடம் என்னிடம் பயிற்சி பெற்ற பெண் ஒரு பஞ்சைப் பாலில் நனைத்துக் கொடுத்தாள். "அண்ணா, உதட்டுல தொட்டு வைங்க. அதுவும் ஊத்துனதுதான்" என்றாள். அவர் குனிந்து தொட்டார். பின்னாலேயே பேத்திகள், கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா. ஆயாவின் மூச்சு சிரமமில்லாமல் அடங்கியது. நான் சொல்லிக்கொடுத்ததல்ல அது. இப்போது எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறேன்.

காது கடைசி வரை கேட்கக்கூடும். ஆகவே அந்த அறையில் சொத்துப் பேச்சு வேண்டாம், பெயர் சொல்லிப் பேசச் சொல்லுங்கள். உயிர் போனபின் அவசரப்படாமல், "உங்க வீட்ல எப்படிச் செய்வீங்க?" என்று கேட்ட பிறகே உடலைத் தொட வேண்டும். ஹட்டி என்கிற படகர் ஊரில் ஒரு முறை, கிறிஸ்தவர் வீட்டில் வேறு முறை, முஸ்லிம் வீட்டில் வேறு.

படி 6: பராமரித்தவரைப் பராமரித்தல்

முதல் இரண்டு மூன்று வீடுகளுக்குத் தனியாக அனுப்பாதீர்கள், பழகியவரோடு ஜோடியாக அனுப்புங்கள். ஒரு மரணம் நடந்த இரண்டாம் நாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, டீ போட்டுக் கொடுத்து, நடந்ததை அவள் வாயால் சொல்ல விடுங்கள். அழுதால் அழட்டும். அடுத்த வீட்டுக்கு ஒரு வாரம் கழித்து அனுப்பினால் போதும். அந்த வாரத்துக்கும் சம்பளம் கொடுத்துவிடுங்கள்.