பழைய மேனுவல் லென்ஸை டிஜிட்டல் கேமராவில் மாட்டுவது எப்படி?

பழைய ஃபிலிம் கேமரா ஒன்று கைக்கு வந்தால் நான் முதலில் அதன் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஷட்டர் நின்றுபோயிருக்கலாம், அதற்கான பேட்டரியே இப்போது கிடைக்காமல் இருக்கலாம். லென்ஸ் அப்படியில்லை. உலோகமும் கண்ணாடியும்தானே, நன்றாக வைத்திருந்தால் ஐம்பது ஆண்டு கழித்தும் அருமையான படம் தரும். அதை இன்றைய கேமராவில் மாட்டப் பெரும்பாலும் அடாப்டர் என்ற ஒரு உலோக வளையம் போதும். எந்த வளையம் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் வாங்கும் முன் புரிந்துகொள்ள வேண்டிய ஒரு எண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: மவுண்டிலிருந்து சென்சார் வரை எவ்வளவு தூரம்?

கேமராவில் லென்ஸ் வந்து உட்காரும் உலோக முகப்புக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு மவுண்டுக்கும் (லென்ஸும் கேமராவும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு) மாறாத ஒரு எண். லென்ஸைப் படுத்த எட்டு போன்ற முடிவிலிக் குறியில் வைத்தால், தொலைவில் இருக்கும் மலை சரியாக அந்தத் தூரத்தில் கூர்மையாக விழும்படி லென்ஸைச் செய்திருப்பார்கள்.

பழைய மவுண்டுகளில் எம்42 திருகு மவுண்டுக்கு 45.46 மி.மீ., பென்டாக்ஸ் கே-வுக்கும் அதே 45.46, நிக்கான் எஃப் 46.5, ஒலிம்பஸ் ஓஎம் 46, மினோல்டா 43.5, கேனான் எஃப்டி 42. உள்ளே ஆடும் கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் சோனி இ 18 மி.மீ., நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20, ஃபுஜிஃபில்ம் எக்ஸ் 17.7.

இனி வெறும் கழித்தல்தான். லென்ஸின் எண் பெரிதாகவும் கேமராவின் எண் சிறிதாகவும் இருந்தால், இடையில் மிஞ்சும் இடத்தை அடாப்டர் நிரப்பும். எம்42 லென்ஸை சோனி இ-யில் மாட்ட 45.46 - 18 = 27.46 மி.மீ. அந்த அடாப்டர் ஏன் ஒரு குழாய் போல நீண்டிருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடி ஆடுவதற்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதால், மேலே சொன்ன எல்லாப் பழைய லென்ஸ்களும் அதில் உட்காரும்.

டி.எஸ்.எல்.ஆர்., அதாவது உள்ளே கண்ணாடி ஆடும் டிஜிட்டல் கேமரா, வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கேனான் இஎஃப் 44 மி.மீ. எனவே எம்42, நிக்கான் எஃப், ஓஎம் லென்ஸ்கள் பொருந்தும். ஆனால் 42 மி.மீ. கேட்கும் கேனான் எஃப்டி அதே கேனான் டி.எஸ்.எல்.ஆரில் சரிப்படாது. லென்ஸ் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நிற்பதால் அருகில் இருக்கும் பூ மட்டும் கூர்மையாக விழும், தூரத்து மரம் விழாது. நிக்கான் டி.எஸ்.எல்.ஆரின் 46.5 மி.மீட்டரில் பழைய எம்42 கூட இந்தக் கதிதான். இதைச் சரிசெய்ய நடுவில் ஒரு சிறு கண்ணாடி வைத்த அடாப்டர்கள் உண்டு. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல லென்ஸின் பின்னால் மங்கலான இன்னொரு கண்ணாடியை வைத்தால், அந்த லென்ஸைத் தேடிப் பிடித்ததற்கே பொருள் இல்லாமல் போகிறது.

படி 2: லென்ஸின் மவுண்டைக் கண்டுபிடியுங்கள்

பின்பக்கம் திருகு மரை இருக்கிறதா? விட்டத்தை அளந்து பாருங்கள். 42 மி.மீ. என்றால் பெரும்பாலும் எம்42. 1949-இல் வந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவிலிருந்து பிராக்டிகா, பென்டாக்ஸ், ஜெனித் என்று பல நிறுவனங்கள் பயன்படுத்திய மரை அது. அதனால் லென்ஸ்களும் ஏராளம், தொடங்குபவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பேன். விட்டம் 39 மி.மீ. என்றால் கவனம் தேவை: லைக்கா திருகு லென்ஸும் பழைய ஜெனித் லென்ஸும் ஒரே அளவு மரைதான். ஆனால் முன்னதன் தூரம் 28.8, பின்னதன் தூரம் 45.2. அடாப்டர் மாறிப்போனால் திருகு ஏறும், ஃபோகஸ் வராது.

மரை இல்லாமல் திருப்பிப் பூட்டும் வகை என்றால் முன்வளையத்தில் உள்ள பெயர் உதவும். ராக்கோர் என்றால் மினோல்டா, ஜுய்கோ என்றால் ஒலிம்பஸ், நிக்கோர் என்றால் நிக்கான். விவிட்டார், டாம்ரான், சிக்மா போன்றவர்கள் பல மவுண்டுகளுக்கும் செய்து விற்றார்கள். அங்கே பெயரை நம்பாமல் பின்பக்கத்தைப் படங்களுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 3: டார்ச் அடித்துப் பாருங்கள்

லென்ஸுக்குள் ஒளி புகும் திறப்பான அப்பர்ச்சரை முழுதும் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்னால் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுதும் பால் கலந்தது போல் தெரிந்தால் புகைமூட்டம். அந்த லென்ஸில் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளிறிப்போகும். இரண்டில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். நாலு தூசி, முன்கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல் - இவற்றுக்காக நல்ல லென்ஸை ஒதுக்க வேண்டாம், படத்தில் தெரியவே தெரியாது. அப்புறம் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் ஏறினால் இதழ்கள் மெதுவாக நகரும் அல்லது ஒட்டிக்கொள்ளும்.

பென்டாக்ஸின் சில பழைய டாக்குமார் லென்ஸ்கள், குறிப்பாக 50 மி.மீ. எஃப் 1.4, தேன் நிறத்தில் மஞ்சளாக இருக்கும். அதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால் வரும் நிறம் அது. புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் பெருமளவு தெளிந்துவிடும். கதிர்வீச்சு மிகக் குறைவு. கண்ணாடியை உடைப்பதும் தேய்ப்பதும் மட்டும் கூடாது.

படி 4: அடாப்டரைத் தேர்ந்தெடுத்தல்

பெரும்பாலான அடாப்டர்கள் மின்தொடர்பு எதுவும் இல்லாத வெறும் வளையங்கள், அதுவே போதும். ஆனால் எம்42 லென்ஸில் ஒரு விஷயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பல லென்ஸ்களின் பின்னால் ஒரு சிறு ஊசி நீட்டியிருக்கும். பழைய கேமரா அதை அழுத்தினால்தான் அப்பர்ச்சர் மூடும். அழுத்த யாரும் இல்லாவிட்டால் வளையத்தை எஃப் 11 போன்ற சிறிய திறப்புக்குத் திருப்பினாலும் லென்ஸ் முழுதும் திறந்தே கிடக்கும். என் முதல் எம்42 லென்ஸில் எல்லாப் படமும் பின்னணி கரைந்தே வந்தது. அந்த லென்ஸுக்கே அதுதான் குணம் என்று வாரக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். லென்ஸ் மீது ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சிறு பொத்தான் இருந்தால் மேனுவலில் வையுங்கள். இல்லாவிட்டால் ஊசியை அழுத்தும் விளிம்பு உள்ள அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள்.

கேனான் எஃப்டி-க்கான அடாப்டரில் திருப்பும் வளையம் ஒன்று இருக்கும். அதைப் பூட்டு நிலைக்குக் கொண்டுவந்தால்தான் அப்பர்ச்சர் வேலை செய்யும். அப்பர்ச்சர் வளையமே இல்லாத பிற்கால நிக்கான் ஜி வகை லென்ஸுக்கு, அடாப்டரிலேயே கட்டுப்பாடு இருக்க வேண்டும்.

மாட்டியபின் ஃபோகஸ் வளையம் முடிவிலியைக் கொஞ்சம் தாண்டிப் போகிறதா? கவலை வேண்டாம். பல அடாப்டர்களை வேண்டுமென்றே துளி மெலிதாகச் செய்கிறார்கள். தடிமன் கூடிவிட்டால்தான் தூரத்துக் காட்சி என்றைக்கும் கூர்மையாகாது.

படி 5: கேமராவில் மாற்ற வேண்டியவை

மாட்டி ஷட்டரை அழுத்தினால் ஒன்றும் நடக்காமல் போகலாம். லென்ஸே இல்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. மெனுவில் சோனி என்றால் 'ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்', ஃபுஜிஃபில்ம் என்றால் 'ஷூட் வித்தவுட் லென்ஸ்' என்பதை இயக்குங்கள். பிறகு 'ஏ' அல்லது 'ஏவி' எனப்படும் அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் வையுங்கள். நீங்கள் லென்ஸில் அப்பர்ச்சரைத் திருப்புவீர்கள், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

கேமராவின் உள்ளேயே அதிர்வுத் தடுப்பு இருந்தால் குவியத் தூரத்தைக் கையால் பதிய வேண்டும். 58 மி.மீ. லென்ஸுக்கு 58 என்றே கொடுங்கள். சிறிய சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் 75 போலத் தெரியும் என்பது காட்சியின் அகலத்தைப் பற்றிய கணக்கு, இங்கே அந்தப் பெருக்கல் வேண்டாம்.

படி 6: ஃபோகஸ்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேமராவில் ஃபோகஸ் பீக்கிங்கை இயக்கினால் கூர்மையான விளிம்புகளில் வண்ணக்கோடு மினுங்கும். தொடக்கத்தில் நல்ல துணை, ஆனால் எஃப் 2 போன்ற பெரிய திறப்பில் அது தோராயம்தான். கண்ணிமை கூர்மையாக வர வேண்டுமென்றால் காட்சியைப் பெரிதாக்கிப் பார்ப்பதே வழி. பெரிதாக்கும் வசதியை விரலுக்கு எட்டும் ஒரு பொத்தானில் வைத்துவிடுங்கள், நாளெல்லாம் அதைத்தான் அழுத்துவீர்கள். டி.எஸ்.எல்.ஆர். என்றால் பின்திரையில் காட்சியைக் காட்டும் லைவ் வியூவில் இதைச் செய்யுங்கள்.

மிக அருகில் எடுக்கும்போது வளையத்தைத் திருப்பித் திருப்பி அலைய வேண்டாம். தோராயமாக நிறுத்திவிட்டு உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தாலே ஃபோகஸ் வந்து உட்காரும். தெருவில் எடுப்பவர்கள் எஃப் 8-இல் வைத்து, எந்தத் தூரம் முதல் எந்தத் தூரம் வரை கூர்மையாக வரும் என்று காட்டும், லென்ஸ் மீதுள்ள ஆழ அளவுகோலைப் பார்த்து தூரத்தை முன்கூட்டியே நிறுத்திவிடலாம். அந்த அளவுகோல் ஃபிலிம் காலத்துக்கானது என்பதால், அது காட்டுவதைவிட ஒரு படி குறைவாக நம்புங்கள்.

பழைய பூச்சுள்ள லென்ஸில் எதிர்வெளிச்சம் நேராக விழுந்தால் படம் வெளிறும். ஒரு ரப்பர் ஹுட் மாட்டுங்கள், அல்லது கையால் மறையுங்கள். ஹீலியோஸ் 44-2 போன்ற லென்ஸில் இலைகளுக்கிடையே ஒளி சிந்தும் பின்னணி சுழல்வது போல் வர வேண்டுமென்றால், எஃப் 2-இல் வைத்து, ஆளை அருகிலும் மரத்தைச் சில மீட்டர் பின்னாலும் நிறுத்திப் பாருங்கள்.

எடுத்த படத்தின் தகவலில் லென்ஸ் பெயரும் அப்பர்ச்சரும் பதியாது. அதனால் அப்பர்ச்சரை மாற்றும்போதெல்லாம் லென்ஸ் வளையத்தை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் இரண்டையும் நேர வரிசையில் அடுக்கினால் எந்தப் படம் எந்த எண்ணில் எடுத்தது என்று தெரிந்துவிடும்.