முகவாதம் எவ்வளவு தீவிரம்? தரம் பிரிக்கப் பழகுவோம்

வாய் கோணிவிட்டது என்று வருபவரின் கேஸ் ஷீட்டில் 'இடப்பக்க முகவாதம்' என்று மட்டும் எழுதினால், இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பவருக்கு அது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று தெரியாது. அதற்குத்தான் ஹவுஸ்-பிராக்மான் அளவுகோல். 1985-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. தரம் 1 என்றால் இயல்பு, 6 என்றால் அசைவே இல்லை.

முதலில் நெற்றி. புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். வாய் கோணியிருந்தும் அந்தப் பக்க நெற்றியில் சுருக்கம் நன்றாக விழுந்தால் பக்கவாதமாக இருக்கலாம். கை காலில் பலவீனம், பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை இருந்தால் நெற்றி எப்படியிருந்தாலும் சரி, தரம் போட்டுக்கொண்டு நிற்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

அடுத்து, பேசாமல் நேராகப் பார்க்கச் சொல்லி, ஓய்வில் இருக்கும் முகத்தைக் கவனியுங்கள். மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பு மறைந்திருக்கிறதா? வாயோரம் தொங்குகிறதா?

இப்போது கண். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி, அவசரப்படாதீர்கள். முதலில் தூங்குவதுபோல் மெதுவாக மூடச் சொல்லுங்கள். அப்புறம் இறுக்கி மூடச் சொல்லுங்கள். லேசான முயற்சியிலேயே முழுதாக மூடினால் தரம் 2 பக்கம். சிரமப்பட்டு முழுதாக மூடினால் 3. எவ்வளவு முயன்றும் இடைவெளி தெரிந்தால் 4 அல்லது அதற்கு மேல். இமை மூடாதபோது விழி மேலே உருண்டு வெள்ளை தெரியும். இது இயல்பான அனிச்சைச் செயல், நோயாளி பயந்தால் சொல்லிப் புரியவையுங்கள்.

பல்லைக் காட்டச் சொல்லுங்கள், உதட்டைக் குவிக்கச் சொல்லுங்கள். 4-க்கும் 5-க்கும் குழப்பம் வந்தால் ஓய்வு நிலைக்குத் திரும்புங்கள். நெற்றி இரண்டிலும் அசையாது. ஆனால் 4-இல் ஓய்வில் முகம் ஏறக்குறைய சமமாக இருக்கும், 5-இல் ஓய்விலேயே கோணல் தெரியும், அசைவும் மிக லேசாகத்தான் இருக்கும்.

முழு முகத்துக்கும் ஒரே எண் என்பது இந்த அளவுகோலின் குறை. கண் தேறி வாய் தேறாதவருக்கு என்ன எண் போடுவது? பிசியோதெரபியில் முன்னேற்றத்தைப் பின்தொடர சன்னிபுரூக் அளவுகோல் எனக்கு மேலாகத் தோன்றுகிறது. புருவம் உயர்த்துவது, கண் மூடுவது, சிரிப்பது, மூக்கைச் சுளிப்பது, உதடு குவிப்பது என ஐந்து அசைவுகளுக்கும் தலா 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டி 4-ஆல் பெருக்குங்கள். ஓய்வுக் கோணலின் மதிப்பெண்ணை 5-ஆல் பெருக்கிக் கழியுங்கள். சிரிக்கும்போது கண்ணும் சேர்ந்து சுருங்குவது போன்ற தேவையற்ற கூட்டசைவுகளின் மதிப்பெண்ணையும் கழியுங்கள். அசைவு 15, ஓய்வு 2, கூட்டசைவு 3 என்றால் 60 − 10 − 3 = 47. முழு இயல்பு 100.

எந்த அளவுகோலாக இருந்தாலும் தேதி, பக்கம், தரம் மூன்றையும் எழுதுங்கள். நோயாளி சம்மதித்தால் ஒவ்வொரு முறையும் அதே வெளிச்சத்தில் வீடியோ எடுங்கள். கண் முழுதாக மூடவில்லை என்றால் கருவிழி காய்ந்து புண்ணாகும்: பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளிகள், இரவில் கண் களிம்பு போட்டு இமையை மூடி டேப் ஒட்டுவது பற்றி அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். பெல்ஸ் பால்சி (தெளிவான காரணம் இல்லாமல் திடீரென வரும் முகவாதம்) என்றால் ஸ்டீராய்டு 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அதனால் எந்த நாள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் தரத்தின் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.