சர்வர், நெட்வொர்க் வேலைக்குப் படிக்கணுமா? முதலில் லேபைப் பாருங்கள்

கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் போடும் முன் ஒருநாள் கல்லூரிக்கு நேரிலேயே போய்வாருங்கள். ரேக்கில் இருக்கும் ஸ்விட்ச், ரவுட்டரை (கணினிகளையும் நெட்வொர்க்குகளையும் இணைக்கும் கருவிகள்) மாணவர்களே கான்ஃபிகர் செய்கிறார்களா, இல்லை கண்ணாடிக் கதவுக்குள் பூட்டிக் கிடக்கிறதா? "கிரிம்பிங் டூல் பிடிச்சு ஆர்ஜே-45 முனை போட்டிருக்கீங்களா தம்பி?" என்று மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேளுங்கள் (நெட்வொர்க் கேபிளின் நுனியில் பிளக்கை அழுத்திப் பொருத்தும் வேலை இது). எந்த விளம்பரப் புத்தகமும் தராத பதில் அங்கே கிடைக்கும். லினக்ஸ் இயங்குதளம் (ஆபரேட்டிங் சிஸ்டம்) லேபில் அன்றாடம் புழங்குகிறதா என்பதும் ரொம்ப முக்கியம்.

நாக் (NAAC) என்ற தேசிய மதிப்பீட்டுக் குழு தரும் தரம் கல்லூரி முழுவதற்கும் சேர்த்து. என்.பி.ஏ. (NBA) எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரமோ பாடப்பிரிவுக்குப் பாடப்பிரிவு தனித்தனி, காலவரம்பும் உண்டு. நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு இப்போது இருக்கிறதா என்று என்.பி.ஏ. இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். பி.இ.தான் வேண்டும் என்றில்லை, பி.சி.ஏ. படித்தும் இந்த வேலைக்கு வரலாம்.